வரப்பு வெட்டுகிற கைக்கு வயல் இல்லை

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை ஞாபகம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் தொடங்கி, 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரின் பேச்சு வரைக்கும் அதே கல்வெட்டுதான். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்டு, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழன் ஜனநாயகம் கண்டான் என்று மார்தட்டுகிறார்கள். தட்டட்டும். நாம் அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம்.

அதில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. ஆறு பேர் கொண்ட குழு. ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. வைரமேகத் தடாகம் என்று பல்லவன் பட்டப்பெயரைச் சுமந்த ஏரி அது. அந்த ஏரியில் தூர் எடுப்பதற்குப் பொன் கொடுத்த செய்தியும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. மண்ணையும் நீரையும் காப்பதற்கு ஒரு ஊர் தனிக் குழு போட்டிருந்தது என்பது உண்மை, அதை நாம் மறுக்கவில்லை. அந்தக் குழுவில் யார் உட்காரலாம்? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும் பரவாயில்லை, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லத் தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்கள். நிலத்தில் சலுகை உண்டு. வேதத்தில் சலுகை இல்லை.

சரி, கூடை சுமந்தது யார்? சேற்றில் இறங்கி வெட்டியது யார்? அவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்று கல்லில் இல்லை. முதுகெலும்பு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

பழங்கதையை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்கலாம். அதே உத்திரமேரூர் வட்டாரத்துச் சிறு விவசாயிகளைக் காட்டி இன்றைக்கு வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் தொண்டு நிறுவனங்களும் ஒரு கேள்வி கேட்கின்றன. இவ்வளவு திட்டம், இவ்வளவு மானியம் இருந்தும் இவர்கள் மண் வளம், நீர் வளம் காக்கும் முறைகளை ஏன் பின்பற்றுவதில்லை? கேள்வியைக் கேட்டவர்களே பதிலையும் கையோடு வைத்திருக்கிறார்கள்: விழிப்புணர்வு இல்லை. உடனே ஒரு முகாம், ஒரு பேனர், ஒரு டீ, ஒரு குரூப் போட்டோ. முகாம் முடிந்து ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் வரப்பு அப்படியே இருக்கிறது. மறுபடியும் அதே பதில், மறுபடியும் ஒரு முகாம்.

இந்தப் பதில் பொய். இதை உடைக்காமல் மண்ணைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் நேராகப் பேச முடியாது.

பின்தங்கியவன் என்று பெயர் வைத்தவர்கள்

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எவரெட் ரோஜர்ஸ் என்ற சமூகவியலாளர் 1962இல் ஒரு புத்தகம் எழுதினார். புதிய முறைகள் மக்களிடம் எப்படிப் பரவுகின்றன என்பது பொருள். அதற்கு முன்னோடி, அயோவா மாநில விவசாயிகளிடம் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியதை ஆராய்ந்த 1943ஆம் ஆண்டுக் கட்டுரை. ரோஜர்ஸ் விவசாயிகளை ஐந்து வகையாகப் பிரித்தார். முதலில் துணிகிறவன் ஒரு முனை. கடைசியாக வருகிற 16 சதவீதம் பேர் மறுமுனை. அந்தக் கடைசிக்காரனுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘பின்தங்குகிறவன்’ என்றுதான் சொல்ல வேண்டும். வேளாண் விரிவாக்கப் பாடம் படித்த ஒவ்வொரு அதிகாரியும் இந்தப் படத்தை மனப்பாடம் செய்துதான் வெளியே வருகிறார். அவர் முதன்முதலாக ஒரு கிராமத்தில் கால் வைக்கும்போது யார் பின்தங்குகிறவன் என்பது அவர் மனசில் ஏற்கனவே முடிவாகியிருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டி, கடைசியில் இருக்கிற தெருவில் அவன் இருக்கிறான்.

ரோஜர்ஸே பிற்பாடு வந்த பதிப்புகளில், இந்த ஆராய்ச்சி மரபில் தனிமனிதன் மீது பழிபோடுகிற சாய்வு இருக்கிறது, அமைப்பின் குற்றத்தை அது பார்ப்பதில்லை என்று எழுதினார். அந்தப் பக்கத்தை நம்ம ஊர் விரிவாக்கப் பாடத்தில் யாரும் புரட்டுவதாகத் தெரியவில்லை.

1980களில் உலக வங்கி யோசனையில் பயிற்சி–பார்வையிடல் முறை வந்தது. அதிகாரி எல்லா விவசாயியையும் பார்க்க முடியாது, ஆகவே ஊருக்குச் சில ‘தொடர்பு விவசாயிகள்’. அவர்களிடம் சொன்னால் மற்றவர்களுக்குத் தானாகச் சொட்டும். யார் அந்தத் தொடர்பு விவசாயி? அதிகாரியின் மோட்டார் சைக்கிள் எந்தத் திண்ணைக்கு முன்னால் நிற்குமோ, எந்த வீட்டில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுப்பார்களோ, அந்த வீட்டுக்காரர். சேரிக்கு வண்டி வரவில்லை. சொட்டும் என்று சொன்ன அறிவு சாதித் தெருவைத் தாண்டிச் சொட்டவே இல்லை. சாதி ஒரு நல்ல வாய்க்கால் இல்லை தோழர்களே, அது ஒரு நல்ல அணை.

ஒரே மண்வெட்டி, இரண்டு வயல்

சரி, அறிவே இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுவோம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கழனிகளில் சம்பாவுக்கு முன்னால் அண்டை கழிக்கிறது யார்? வரப்பில் எலி வளை அடைத்து, சேறு வைத்து மெழுகுகிறது யார்? மழை எந்தப் பக்கம் அடித்தால் எந்த இடத்தில் உடைப்பு எடுக்கும், எந்த வயலுக்கு வண்டல் போட்டால் கதிர் பிடிக்கும், எந்த மேட்டில் தண்ணி நிற்காமல் ஓடும் என்று அத்துப்படியாகத் தெரிந்தவர்கள் யார்? தமிழ்நாட்டின் பல ஏரிகளில் மதகைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள்?

நம் ஆள்தான். கூலிக்குப் போகிற இடத்தில் அவர் வெட்டிய வரப்பைப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதே ஆள், அதே மண்வெட்டி, வாரத்துக்கு எடுத்து உழுகிற முக்கால் ஏக்கரில் வரப்பு இளைத்துக் கிடக்கிறது. இரண்டு வயலிலும் ஒரே கைதான், ஒரே அறிவுதான். நடுவில் வித்தியாசமாக நிற்பது ஒரு காகிதம். கூலி வயலில் வேலைக்கு அன்றைக்கே காசு. வார வயலில் இந்த வருஷம் போடும் உழைப்புக்கு அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும்தான் பலன். அடுத்த வருஷம் அந்த நிலம் அவரிடம் இருக்குமா என்பதை அவர் முடிவு செய்வதில்லை.

மண் பாதுகாப்பு என்று சொல்லுகிற ஒவ்வொரு முறையையும் எடுத்து, ஒரு ஏக்கர்காரர் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏரி வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2017இல் அரசு ஆணை போட்டது. கட்டணம் இல்லை. நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர். நல்ல விஷயம். ஆனால் மண் இலவசம், மண்ணை ஏற்றி இறக்குவது இலவசம் இல்லை. டிப்பருக்கு மூன்று கனமீட்டர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 25 நடை. பொக்லைன் வாடகை, டிராக்டர் வாடகை யார் கொடுப்பது? போட்ட வண்டல் பல போகத்துக்கு நின்று உதவும். ஒரு வருஷக் குத்தகைக்காரர் பல போகத்துக்கு மண் போட்டால் அது நிலக்காரருக்குச் செய்த தானம். அதற்கு மேல், நில ஆவணம் காட்டினால்தான் அனுமதி. வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு ஆவணம் ஏது?

பசுந்தாள் உரம் என்கிறார்கள். 2024இல் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று திட்டமே வந்து, பசுந்தாள் விதையும் கொடுத்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து ஒன்றரை மாசம் வளர்த்து மடக்கி உழ வேண்டும். அந்த ஒன்றரை மாசத்துக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவு நாள் அடுத்த பயிருக்குப் பொறுக்க வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பேசுகிற மண்ணில், கடைமடைக்காரருக்கு ஒரு பட்டம் உருப்படியாகக் கிடைப்பதே பெரும்பாடு. தலைமடையில் நடவு முடிந்து பச்சை பிடித்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணி எட்டிப் பார்க்கும். அந்தத் தண்ணியில் உரப்பயிர் வளர்ப்பதா, சோத்துக்கு நெல் நடுவதா?

பண்ணைக்குட்டை வெட்டு என்கிறார்கள். முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் குட்டை 22 செண்ட் நிலத்தை விழுங்கும். பத்து ஏக்கர்காரருக்கு அது ஒரு மூலை. ஒரு ஏக்கர்காரருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையிலிருக்கும் நிலத்தின் சராசரியே 0.75 ஹெக்டேர்தான், இரண்டு ஏக்கர்கூட இல்லை என்று 2015–16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. இது எல்லாச் சாதியையும் சேர்த்த சராசரி. அந்தச் சராசரிக்கும் கீழே நிற்கிறவர்களின் தெரு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சொட்டுநீருக்கு நூறு சத மானியம் சிறு, குறு விவசாயிக்கு உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், தாசில்தார் கொடுக்கும் சிறு விவசாயி சான்றிதழ், இவற்றோடு கிணறோ போர்வெல்லோ மோட்டாரோ வேண்டும். தண்ணீர் வைத்திருக்கிறவனுக்குத் தண்ணீர் சிக்கனம் செய்ய மானியம். தண்ணீரே இல்லாதவன் எதைச் சிக்கனம் செய்வான்? 2019இல் வந்த பிரதமரின் கிசான் உதவித்தொகை வருஷத்துக்கு ஆறாயிரம், அதுவும் நிலப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. உழுகிறவருக்கு இல்லை, உடையவருக்கு.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். நாற்று நடுவது, களை எடுப்பது, எரு சுமப்பது, ஆடு மேய்த்துக் கிடை போடுவது எல்லாம் அவர்கள். பட்டாவில் அப்பன் பெயர், புருஷன் பெயர், அவர் செத்தால் மகன் பெயர். முகாமுக்கு வரச்சொல்லிக் கூப்பிடும்போது மட்டும் ‘மகளிர் பங்கேற்பு’ என்று எண்ணிக்கைக்கு உட்கார வைப்பார்கள்.

திருத்தினால் போகும் என்கிற பயம்

இந்தக் கணக்குக்கெல்லாம் கீழே இன்னொன்று ஓடுகிறது. ஆராய்ச்சிக் கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. அதன் பெயர் ஞாபகம்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் மிராசு மண். ஊர்த் தரிசும் மேய்ச்சலும்கூட மிராசுதார் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. பறையர் ஒருவர் தரிசு நிலத்துக்கு மனுப்போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை. குடியிருக்கிற மனைகூடச் சொந்தம் இல்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையிலிருந்தே வெளியே. இந்தக் கொடுமையை அம்மாவட்டக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் விரிவாகச் சொன்னார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை எண் 1010 வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு.

கொடுத்தது என்ன நிலம்? முள்ளும் கல்லும் மேடுமாகக் கிடந்த தரிசு. அதை உடைத்து, முள் வெட்டி, கல் பொறுக்கி, வரப்புப் போட்டு, எரு சுமந்து விளைநிலமாக்கியவர்கள் நம் பாட்டன், பாட்டிமார். இந்த மாவட்டத்து மண் பாதுகாப்பு வரலாற்றை எழுதுகிறவன் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். எந்த முகாமும் இல்லாமல், எந்த மானியமும் இல்லாமல் செய்தார்கள். ஏன் செய்தார்கள்? முதல் முறையாக மண் தன் பெயரில் இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? நிலம் நிலமாக ஆன பிறகு கண் உறுத்தியது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன், சாவுக்கு வாங்கிய கடன், போகியம், வெற்றுத்தாளில் கைநாட்டு, கணக்கில் பெயர் மாற்றம், மிரட்டல் என்று நிபந்தனை பட்டா நிலம் கைமாறியது. விற்கவே கூடாத நிலம் விற்கப்பட்டது, பத்திரமும் பதிவாகியது. காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுத்தான் போராட்டம் வெடித்தது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கி சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் விழுந்தார்கள். நிலம் கேட்டவர்களுக்கு ஈயம் கிடைத்தது.

இந்த வரலாறு புத்தகத்தில் மட்டும் இல்லை. அப்பனிடமிருந்து மகனுக்கு ஒரே வரியில் கடத்தப்பட்டிருக்கிறது: “ரொம்பத் திருத்தாதடா, திருத்துனா கண்ணு போடுவானுங்க.” அதிகாரி இதைச் சோம்பல் என்று எழுதிக்கொள்கிறார். இது சோம்பல் இல்லை, நூறு வருஷத்து அனுபவத்தின் சாறு. திருத்திய மண் பறிபோகும் என்று கற்றுக்கொண்ட சமூகம், மண்ணைத் திருத்துவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்கத்தான் செய்யும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும்தானா? ஆப்பிரிக்காவின் கானாவில் கோல்ட்ஸ்டீன், உட்ரி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அங்கே மண் வளம் திரும்புவதற்கு நிலத்தைச் சில வருஷம் தரிசாகப் போடுவது வழக்கம். ஊர் அதிகாரத்தில் பதவியும் தொடர்பும் உள்ளவர்கள் நிம்மதியாகத் தரிசு போட்டார்கள். செல்வாக்கு இல்லாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், போடவில்லை. சும்மா போட்டால் நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்கள், விளைச்சலும் குறைந்தது. எத்தியோப்பியாவில் 1990களின் கடைசியிலிருந்து குறைந்த செலவில் நிலச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதன் பிறகு விவசாயிகள் தாங்களாகவே மண் அணைகளில் உழைப்புப் போடுவது கூடியதாக ஆய்வுகள் சொல்கின்றன. ருவாண்டாவிலும் நிலப் பதிவுக்குப் பிறகு அதே மாற்றம் தெரிந்தது, பெண்கள் தலைமையிலான குடும்பங்களில் இன்னும் அதிகமாக. கானா விவசாயிக்கும் காரணை விவசாயிக்கும் மொழி வேறு, நிறவெறியும் சாதிவெறியும் வேறு வேறு. பயம் ஒன்றுதான்.

ஏரி யாருக்குச் சொந்தம்

நிலத்தை விட்டு நீருக்கு வருவோம். இப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381, 2019இல் பிரிந்துபோன செங்கல்பட்டு மாவட்டத்தில் 528, ஆக 909 ஏரிகள் பொதுப்பணித் துறைக் கணக்கில் இருந்தவை. ஏரி மாவட்டம் என்று பெயரே உண்டு. இந்த ஏரிகளைக் காத்தது ஊர்க்கூட்டு உழைப்பு, அதுதான் குடிமராமத்து என்று இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் 1858இல் மதராசில் ஒரு சட்டம் போட்டான். கட்டாய உழைப்புச் சட்டம் என்றுதான் அதற்குப் பெயர். ஏரிக்கரை உடைகிற ஆபத்து வந்தால், ஊர்த் தலைவர் மூலமாக உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை எல்லாம் வேலைக்கு இழுக்கலாம். உழைக்கும் வகுப்பு என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. நிலம் நனைவது ஒருவனுக்கு, முதுகு நனைவது இன்னொருவனுக்கு. இந்தக் கூட்டு உழைப்பைத்தான் மரபு, மரபு என்று கொண்டாடுகிறார்கள்.

2017 மார்ச்சில் அப்போதைய முதலமைச்சர் அதே பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில் குடிமராமத்தைத் திரும்பத் தொடங்கிவைத்தார். பத்து சதவீதம் விவசாயிகள் பங்கு. வேலையை ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் எடுத்துச் செய்யலாம். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களின் சங்கம். ஏரியில் மீன் பிடிக்கிறவர், ஏரிப் புல்லில் மாடு மேய்க்கிறவர், கரைக்கு மண் சுமந்தவர், வாரத்துக்கு உழுகிறவர், இவர்களுக்கு அந்தச் சங்கத்தில் நாற்காலி கிடையாது. கால் வேலி விதி போய்விட்டதா? பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வேதம் மட்டும் பட்டாவாகி இருக்கிறது.

சங்கத்தில் இடமில்லாதவன் ஏரியைத் தன் ஏரி என்று நினைப்பானா? கடைமடைக்குத் தண்ணி விடு என்று கேட்டால் காலனிக்காரன் திமிர் என்கிற ஊரில், ஒரு வரப்பை இரண்டு சாதி விவசாயிகள் சேர்ந்து உயர்த்துவார்களா? வரப்பு தனியாக நிற்காது. மேல்வயல்காரர் தண்ணியை நேராகக் கீழே திறந்துவிட்டால் கீழ்வயல் மண் அடித்துக்கொண்டு போகும். வடிகால் விடுவது, வாய்க்கால் பங்கு, எல்லைக்கல் எல்லாம் அண்டைக்காரர் சம்மதத்தில் நடக்கிறவை. அண்டைக்காரர் கை தொட்டால் தீட்டு என்கிற இடத்தில் மண் பாதுகாப்புக்கு ஏது கூட்டுறவு? மண் அரிப்புக்கு மழையைக் குற்றம் சொல்லுகிற துறைக்காரர்கள் சாதியையும் ஒரு காரணமாகப் பட்டியலில் சேர்க்கட்டும்.

பொதுக் குளத்துத் தண்ணீரைக் குடிக்க அம்பேத்கர் 1927 மார்ச் 20இல் மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கினார். அதற்கும் மூன்று வருஷம் முன்பே, 1924இல், செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் பொது வழி, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாருக்கும் உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தார். நம் முன்னோடிகள் தண்ணீரை உரிமையாகப் பேசினார்கள். ‘நீர் மேலாண்மை’ என்று இன்றைக்குப் பேசுகிறவர்களின் பேச்சிலிருந்து அந்த உரிமை காணாமல் போய்விட்டது.

நம் பக்கத்துக் கேள்வி

நம் தோழர்களிலேயே சிலர் வேறொன்று கேட்கிறார்கள். கிராமம் நமக்கு நரகம், விவசாயம் நமக்கு அடிமைத்தனம், பையன்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள், நீ என்ன மறுபடியும் வரப்பு, வண்டல் என்று பேசுகிறாய்? நியாயமான கேள்வி. அம்பேத்கர் 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலம் சிறியதாக இருப்பதே நோய் என்று எல்லோரும் சொன்னபோது, அவர் அதை மறுத்தார். நிலத்தின் அளவை மட்டும் பார்க்காதே, அதில் போடுவதற்கு மூலதனமும் கருவியும் இருக்கிறதா என்று பார். நிலத்தின் மீது தேவைக்கு மேல் ஆட்கள் குவிந்து கிடப்பதைத் தொழில்மயத்தால் குறை. கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பையனுக்கு எதிராக நாம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அதே அம்பேத்கர் 1947இல் எழுதிய திட்டத்தில் நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பேதமில்லாமல் கூட்டுப் பண்ணைகளாகக் கொடுக்கச் சொன்னார். ஊரை விட்டு வெளியேறுவதும் நிலத்தைக் கேட்பதும் அவருக்கு எதிரெதிரானவையாகத் தெரியவில்லை.

இன்னொன்று. பையன் கம்பெனிக்குப் போனால் நிலத்தில் நிற்பது அவன் அம்மா. ஒப்பந்தம் முடிந்து கம்பெனி அவனை வெளியே தள்ளினால் வந்து நிற்பதும் அந்த முக்கால் ஏக்கரில்தான். நிலம் வெறும் தொழில் இல்லை. கூலிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லுவதற்கு இருக்கிற ஒரே தைரியம்.

மனை வியாபாரமும் இங்கே மண்ணைக் கெடுக்கிறது. எப்போது விலை ஏறும், எப்போது பிளாட் போடலாம் என்று காத்திருக்கிற நிலக்காரர் மண்ணில் ஏன் காசு போடுவார்? குத்தகைக்காரரை வருஷா வருஷம் மாற்றுவதே அவருக்குப் பாதுகாப்பு. 2022இல் பரந்தூர் விமான நிலையம் என்று அறிவித்த நாளிலிருந்து, கையகப்படுத்தப்படும் என்று சொல்லப்பட்ட ஊர்களில் யாரைப் பார்த்து மண்ணைக் காப்பாற்று என்று சொல்ல முடியும்?

என்ன செய்யலாம்

வேறு வழி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மகாராஷ்டிரத்தில் புரந்தர் வட்டாரத்தில் 1972 பஞ்சத்துக்குப் பிறகு விலாஸ்ராவ் சாளுங்கே பாணி பஞ்சாயத்து என்று ஒன்றைத் தொடங்கினார். தண்ணீர்ப் பங்கை நிலக் கணக்கில் பிரிக்காமல் ஆள் கணக்கில் பிரித்தார்கள். நிலமில்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு. கரும்பு போடக்கூடாது. ஹரியானாவின் சுகோமாஜ்ரியில் 1970களில் சிறு அணை கட்டியபோது நிலமில்லாத குடும்பத்துக்கும் தண்ணீர்ப் பங்கு உண்டு என்றார்கள். பங்கு கிடைத்ததும் மலைச்சரிவில் ஆடுமாடுகளை அவிழ்த்துவிடுவதை ஊரே கட்டுப்படுத்தியது, மண் அரிப்பு குறைந்தது. மேற்கு வங்கத்தில் 1978இல் வாரதாரர்களைப் பதிவு செய்ததும் விளைச்சல் கூடியது. எங்கே உரிமை முன்னால் போனதோ அங்கே பாதுகாப்பு பின்னால் வந்தது.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லேயே வந்தது. குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு 1969இல் தனிச் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே குத்தகையை வாய்ப்பேச்சாக வைத்திருக்கிறார்கள். தாட்கோ மூலமாக 2023இல் நன்னிலம் திட்டம் வந்தது. நிலமற்ற ஆதிதிராவிடப் பெண் கூலித் தொழிலாளி நிலம் வாங்கப் பாதி மானியம், ஐந்து லட்சம் வரைக்கும். வரவேற்கலாம். ஆனால் பறித்த நிலத்தை மீட்டுக் கொடுக்காமல், பறித்தவனிடமே சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ள மானியம் கொடுப்பதில் உள்ள வேடிக்கையையும் பார்க்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் நேரானவை. பஞ்சமி நிலங்களை ஊர் வாரியாக வெள்ளை அறிக்கையாக வெளியிட்டு மீட்டுக் கொடு. பட்டாவைப் பெண் பெயரில் கொடு, குறைந்தது கூட்டுப் பட்டாவாகக் கொடு. வாய்ப்பேச்சுக் குத்தகையைப் பதிவு செய், குத்தகைதாரர் போட்ட வண்டலுக்கும் வரப்புக்கும் நிலத்தை விட்டு இறங்கும்போது ஈடு கொடுக்க வை. இரண்டரை ஏக்கருக்குக் கீழே உள்ளவருக்கு வண்டலை வயலில் கொண்டுவந்து கொட்டுகிற செலவையும் அரசே ஏற்கட்டும். ஏரிச் சங்கத்தில் கடைமடைக்காரர், வாரதாரர், நிலமற்ற கூலிகள், பெண்கள் எல்லோருக்கும் ஓட்டும் பதவியும் வேண்டும். 2005ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தில் தலித், பழங்குடி, சிறு விவசாயி நிலத்தில் வரப்பும் குட்டையும் போட இடம் இருந்தது. எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஆய்வேட்டுக்காக உத்திரமேரூர்ப் பக்கம் கேள்வித்தாளோடு போகிறவர்கள் ‘உங்களுக்கு மண் பாதுகாப்பு பற்றித் தெரியுமா’ என்ற முதல் கேள்வியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக நான்கு கேள்விகள் எழுதுங்கள். இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? அடுத்த வருஷமும் நீங்கள்தான் உழுவீர்கள் என்று யார் உறுதி சொல்வார்கள்? மதகிலிருந்து உங்கள் வயலுக்கு முன்னால் எத்தனை வயல்? ஏரிச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள்? பிறகு கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள், கொடுக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடுங்கள். டி.சி. நிலம் என்று எழுதிய புல எண்களைக் குறித்துக்கொண்டு, அந்த வயல்களில் இன்று யார் மோட்டார் ஓடுகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். அந்த நடையில் கிடைக்கிற விடை, ஆயிரம் விழிப்புணர்வு முகாமில் கிடைக்காது.

மண்ணைக் காப்பாற்ற எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம். அந்த வேலை எங்கள் உள்ளங்கைக் காய்ப்பில் இருக்கிறது. காப்பாற்றிய மண் எங்களிடமே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், வரப்பு தானாக உயரும்.